ஜீப்பின் பின்கதவும் ஸ்டெப்னிச் சக்கரமும்

மலைச்சரிவிலுள்ள தோட்டங்களிலிருந்து விளைபொருளை இறக்குவதற்கும், மழைக்காலத்தில் சேறு நிறைந்த மண்பாதைகளைக் கடப்பதற்கும் ஜீப் வகை வண்டிகளே இன்றும் பெரிதும் பயன்படுகின்றன. தேனி மாவட்டத்தின் எல்லையில் உயர்ந்து நிற்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்ல வேண்டுமானால், கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து பாறைகள் துருத்திய பாதையில் ஜீப்பில்தான் ஏற வேண்டும். இத்தகைய வழியில் ஒரு டயர் கிழிந்துவிட்டால் பழுது பார்ப்பவரை அழைத்துவர இயலாது. வண்டியில் உள்ள உபரிச் சக்கரம் ஒன்றே அப்போது துணை.

இவ்வகை வண்டிகள் பலவற்றில் அச்சக்கரம் பின்கதவின்மீது மாட்டப்பட்டிருப்பதை அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். பார்வைக்கு இது எளிய ஏற்பாடு. நான்கு போல்ட்டுகளை முடுக்கினால் காரியம் முடிந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்தச் சக்கரத்தின் பாரம் உண்மையில் எதன்மேல் நிற்கிறது என்பதை அறியாமல் மாட்டினால், முதலில் கதவு தொங்கும். பிறகு தகடு கிழியும். முடிவில் சக்கரம் கழன்று ஓடும். மலைச்சாலையில் உருண்டோடும் 20 கிலோ சக்கரம் பின்னால் சைக்கிளிலோ நடந்தோ வருபவரின் உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியது. ஆகையால் இதனைச் செவ்வனே பொருத்தும் முறையை இங்கு விளக்குவோம்.

பெயரும் வரலாறும்

உபரிச் சக்கரத்தை நம் நாட்டில் எல்லோரும் ‘ஸ்டெப்னி’ என்றே அழைக்கிறார்கள். இச்சொல் ஒரு தெருவின் பெயரிலிருந்து வந்தது. ஆதிகால மோட்டார் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் என்பதே கிடையாது. 1904ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் லானெத்லி நகரில் டேவிஸ் சகோதரர்கள் இருவர், காற்றடைத்த டயருடன் கூடிய ஆரமில்லாத வளையம் ஒன்றைச் செய்தனர். காற்றிழந்த சக்கரத்தின் பக்கத்திலேயே இதைக் கவ்வவைத்து வண்டியை ஓட்டிச் செல்லலாம். அவர்களுடைய பட்டறை ஸ்டெப்னி தெருவில் இருந்தமையால் வளையத்திற்கும் அப்பெயர் வந்தது. அந்த வளையம் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று; பெயர் மட்டும் நம்மிடையே நிலைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட வில்லிஸ் ஜீப்பில் ஸ்டெப்னி வண்டியின் பின்புறத்தில் இருந்தது. அது கதவின்மேல் இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அந்த ஜீப்புக்குப் பின்கதவே இல்லை. அசையாத பின்பலகையின்மீதே சக்கரம் பிணைக்கப்பட்டிருந்தது. போர் முடிந்த 1945இல் குடியானவர்களின் உபயோகத்திற்கென வெளிவந்த ஜீப்பில் சாமான் ஏற்றுவதற்காகப் பின்புறம் திறக்கும் பலகை அமைக்கப்பட்டது. உடனே ஸ்டெப்னி அவ்விடத்தை விட்டு வண்டியின் பக்கவாட்டிற்கு மாற்றப்பட்டது. 1948இல் இங்கிலாந்தில் தோன்றிய லாண்ட் ரோவர் வண்டியிலோ, சக்கரம் பானெட்டின்மீதோ இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள தொட்டியிலோ வைக்கப்பட்டது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை விளங்கும். திறந்து மூடும் பாகத்தின்மேல் பாரத்தை ஏற்ற அக்காலத்தார் தயங்கினர். மேற்கூரையும் பின்னிருக்கைகளும் அமைந்த வண்டிகள் பெருகிய பின்னரே, பக்கவாட்டில் திறக்கும் பின்கதவில் சக்கரத்தை மாட்டும் வழக்கம் பரவியது. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி, 2000இல் வந்த மஹிந்திரா பொலேரோ, 2020இல் வந்த புதிய தார், 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னி ஆகிய யாவும் இவ்வழக்கத்தைச் சேர்ந்தவை.

கதவைத் தேர்ந்தெடுத்ததன் காரணம்

வேறு இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. வண்டிக்குள் வைத்தால் மூட்டைகளுக்கும் ஆட்களுக்கும் உரிய இடம் குறையும். கூரைமேல் வைத்தால் வண்டியின் பாரமையம் உயர்ந்து, சரிவில் கவிழும் அபாயம் அதிகரிக்கும்; இறக்குவதும் கடினம். அடிப்புறத்தில் தொங்கவிட்டால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சக்கரம் தரையில் இடிக்கும், சேறு அப்பிக்கொள்ளும், வண்டி சேற்றில் புதைந்த வேளையில் அதனை வெளியே எடுக்கவே இயலாது.

பின்கதவில் இருந்தால் நின்றபடியே கழற்றலாம். மேற்கூறிய குறைகளும் இல்லை. இதற்கு ஈடாக நாம் ஏற்கும் சங்கடம் ஒன்றே: அசையும் கதவு ஒன்றை ஒரு பாரத்தின் தாங்கியாக ஆக்குகிறோம்.

பாரத்தின் கணக்கு

நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து ஒரு பெண்மணி அரை மைல் நடந்துவிடுவாள். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியாது. குடத்தின் எடை மாறவில்லை. அது உடலைவிட்டு விலகியிருக்கும் தூரமே மாறியது. கதவில் தொங்கும் சக்கரத்தின் நிலையும் இதுவே.

ஓர் உதாரணம் கொள்வோம். கதவின் எடை 25 கிலோ. ஸ்டெப்னியின் எடை 20 கிலோ. இரண்டின் நடுமையமும் கீல்களிலிருந்து 45 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளது. மேற்கீலுக்கும் கீழ்க்கீலுக்கும் இடைவெளியும் 45 சென்டிமீட்டர். கதவைத் திறந்து வைத்த நிலையில் மொத்த எடையாகிய 45 கிலோ கீழ்நோக்கி இழுப்பதோடு, மேற்கீலை 45 கிலோ பலம் கதவின் பக்கமாக இழுக்கிறது. அதே பலம் கீழ்க்கீலை உட்புறமாக அழுத்துகிறது. ஸ்டெப்னிக்குப் பதிலாக 40 கிலோ எடையுள்ள பெரிய சேற்று டயரை மாட்டினால் இந்த இழுப்பு 65 கிலோ ஆகிவிடும். குழியில் விழுந்து எழும்போது அதிர்ச்சியினால் பாரம் மும்மடங்காகிறது என்று வைத்துக்கொண்டால், முதலாவது 135 கிலோவாகவும், இரண்டாவது 195 கிலோவாகவும் உயரும்.

இன்னொரு விசையும் உண்டு. சக்கரம் கதவோடு ஒட்டி நிற்பதில்லை. அதன் மையம் கதவின் தகட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் வெளியே நிற்கிறது. ஒவ்வொரு குலுக்கலிலும் அது தலை சாய்ந்து, மேல் போல்ட்டுகளை வெளியே இழுத்து, கீழ்ப்பகுதியை உள்ளே அழுத்துகிறது. ஒரு கம்பியை இப்புறமும் அப்புறமும் பலமுறை வளைத்தால் அது முறிந்துபோவதை நாம் அறிவோம். கதவின் மெல்லிய தகடும் அவ்வாறே பல்லாயிரம் முறை வளைந்து, போல்ட்டுத் துளைகளின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பாகத் தொடங்கிக் கிழிகிறது. 2016வரை உற்பத்தியான பழைய டிஃபெண்டர் வண்டிகளில் சக்கரம் தாங்கிய பின்கதவு தொங்குவதும் வெடிப்பதும் அவ்வண்டிக்காரர்கள் நன்கறிந்த குறையாகும்.

கதவு மூடியிருக்கும்போது பாரம் கீல்களை மட்டும் சார்ந்ததன்று. தாழும், தாழை ஏற்கும் கொண்டியும், கதவோரத்திலுள்ள ரப்பர்த் தாங்கிகளும் அதில் பங்கு கொள்கின்றன. பாவில் சில இழைகள் தளர்ந்துவிட்டால் மற்ற இழைகள் மிகுந்த இழுப்பை ஏற்று அறுபடுகின்றன என்பதை நெசவாளர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. தாழ் தளர்ந்த கதவிலும் அதுவே நிகழ்கிறது. கீல் கெட்டுவிட்டது என்று கொண்டுவரப்படும் வண்டியில், முதலில் கெட்டது தாழாக இருக்கலாம்.

கதவில் பொருத்தும் முறை

முதலாவதாக, சக்கரத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். சங்கத்தில் விளைபொருள் நிறுக்கும் தராசே இதற்குப் போதும். வண்டியைச் செய்தவர்கள் கொடுத்த அளவுள்ள சக்கரத்தின் எடையைவிடப் புதிய சக்கரத்தின் எடை கணிசமாக அதிகமாயின், அதைக் கதவில் மாட்டும் எண்ணத்தை அங்கேயே நிறுத்திவிடுவது நலம். அதற்கான மாற்று ஏற்பாட்டைப் பின்னர் கூறுவோம்.

இரண்டாவதாக, கதவைச் சோதிக்க வேண்டும். கதவைப் பாதி திறந்து, கீல் இல்லாத ஓரத்தின் அடியைப் பிடித்து மெல்ல மேலே தூக்குக. கீலில் ஆட்டம் தெரிந்தால் அதன் ஊசி தேய்ந்துவிட்டது என்று அறியலாம். அதை மாற்றாமல் மேலே செல்லலாகாது. கீல் பதிந்துள்ள மூலைகளிலும் பழைய துளைகளைச் சுற்றிலும் வண்ணப்பூச்சு கோடுகோடாக வெடித்திருக்கிறதா, துரு கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பூச்சின் வெடிப்பு பெரும்பாலும் அடியிலுள்ள தகட்டின் வெடிப்பைக் காட்டும்.

மூன்றாவதாக, இரும்புத் தாங்கியை அமைக்கும் முறை. தாங்கியின் போல்ட்டுகள் கதவின் வெளித்தகட்டை மட்டும் பற்றி நிற்கக் கூடாது. தகட்டிற்குள் இருக்கும் சட்டத்தையும் சேர்த்துப் பற்ற வேண்டும். அவ்வாறு சட்டம் எட்டாத இடத்தில், உட்புறமாக 3 மில்லிமீட்டர் கனமுள்ள அகன்ற எஃகுத் தகட்டை வைத்து, கதவைத் தாங்கிக்கும் அத்தகட்டிற்கும் நடுவே கவ்வும்படி செய்ய வேண்டும். சிறு வாஷர் ஒரு புள்ளியில் அழுத்தும். அகன்ற தகடோ பாரத்தைப் பரப்பிவிடும். கதவு உள்ளே கூடாக இருக்குமிடத்தில் போல்ட்டை முடுக்கினால் இரு தகடுகளும் நசுங்கிவிடும். ஆகவே கதவின் கனத்திற்குச் சரியாக வெட்டிய எஃகுக் குழாய்த் துண்டு ஒன்றை உள்ளே செருகி, அதனூடே போல்ட்டைச் செலுத்துவது அவசியம்.

போல்ட்டுகள் 8.8 என்று தலையில் பொறிக்கப்பட்ட உறுதி வாய்ந்தவையாகவும், நட்டுகள் தாமாகத் தளராத நைலான் வளையம் பதித்தவையாகவும் இருக்கட்டும். துளையிட்ட ஓரங்களில் துருத்தடுப்புப் பூச்சைத் தடவாமல் மூடிவிட்டால், ஓரிரு மழைக்காலத்தில் அத்துளைகளே துருவின் வாயிலாகிவிடும்.

நான்காவதாக, சக்கரம் தாங்கியின்மீது உட்காரும் முறை. சக்கரத்தின் உட்தளம் தாங்கியின் தட்டையான முகத்தில் முழுதும் படிய வேண்டும். சக்கரத் துளைகளின் வாய் கூம்பு வடிவாக இருந்தால் நட்டின் முகமும் அவ்வடிவிலேயே இருக்க வேண்டும். தட்டை நட்டைப் போட்டால் அது எவ்வளவு முடுக்கினாலும் நாளடைவில் தளரும். டயரின் பக்கம் சாயும் இடங்களில் இரண்டு ரப்பர்த் தாங்கிகளை அமைத்து, சக்கரத்தை முடுக்கும்போது டயர் அவற்றைச் சற்று அழுத்தும்படி சரிசெய்ய வேண்டும். சக்கரம் தலை சாயும் ஆட்டத்தைத் தடுப்பவை இவையே. மாட்டி முடித்தபின் டயரைக் கையால் பிடித்து உலுக்கினால், வண்டி முழுவதும் அசைய வேண்டுமேயன்றிச் சக்கரம் தனியே அசையக் கூடாது.

ஐந்தாவதாக, பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டியவை. எண் பலகை, பின்விளக்குகள், நிறுத்த விளக்கு, சமிக்ஞை விளக்குகள் ஆகிய எதையும் சக்கரம் மறைக்கலாகாது. ஓட்டுபவர் உட்கண்ணாடியில் காணும் பின்காட்சியும் இயன்றவரை மறையாதிருக்கும்படி, சக்கரத்தைத் தாழ்வாக அமைப்பது நன்று.

ஆறாவதாக, கதவைத் திறந்து நிறுத்தும் தடை. பாரமுள்ள கதவு சரிவான இடத்தில் தானாக வீசித் திறந்து ஆளைத் தள்ளிவிடும்; அல்லது மூட்டை இறக்குபவரின் விரலை நசுக்கிவிடும். திறந்த நிலையில் கதவைப் பிடித்து நிறுத்தும் கம்பியோ வாரோ கட்டாயம் வேண்டும். நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்வதால், கீல் வலப்புறத்தில் அமைந்த கதவே வசதியானது; சாலையோரத்தில் நின்றபடியே சாமான்களை இறக்கலாம்.

இவ்வளவும் முடிந்தபின் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாகக் கவ்விய பூச்சும் ரப்பரும் படிந்து, நட்டுகள் சற்றுத் தளர்ந்திருப்பது இயல்பு.

பெரிய டயருக்குத் தனிக் கை

சிலர் சேற்றிலும் பாறையிலும் ஓட்டுவதற்காகப் பெரிய டயர்களை மாட்டுகிறார்கள். அவர்கள் ஸ்டெப்னியையும் அதே அளவில் வைக்க வேண்டியதாகிறது. இந்நிலையில் கதவை மேலும் மேலும் பலப்படுத்துவது பயன் தராது. கதவைப் பலப்படுத்தினால் கீல் தேயும். கீலைப் பலப்படுத்தினால் கீல் பதிந்த தூண் வெடிக்கும். பாரத்தையே கதவிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இதற்கெனச் செய்யப்படுவது, சேஸிஸுடன் பிணைந்த பின்பம்பரிலிருந்து எழும் சுழலும் கை. பம்பரின் ஒரு கோடியில் தடித்த எஃகு அச்சு ஒன்று செங்குத்தாக நிற்கும். அதைச் சுற்றி, மேலும் கீழுமாக இரண்டு கூம்பு உருளை பேரிங்குகளின் துணையால் கை திரும்பும். மறுகோடியில் கை வந்து அமர ஒரு தாங்குமேடையும், இறுகப் பிடிக்கும் தாழும் இருக்கும். மூடிய நிலையில் கையின் நுனி அம்மேடைமேல் சற்று ஏறி அமர வேண்டும். அப்போதுதான் ஓட்டத்தின்போது பாரம் அச்சின்மேல் மட்டும் நில்லாது இருமுனைகளிலும் பகிரப்படும். திறந்த நிலையிலும் கையைப் பூட்டி நிறுத்தும் ஊசி தேவை. கை கதவை எவ்விடத்திலும் தொடலாகாது. ஏனெனில் வண்டியின் கூடும் சேஸிஸும் ஓட்டத்தில் தனித்தனியே அசைபவை.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு விலையுண்டு. சக்கரம் 40 கிலோ, கையும் துணைப்பாகங்களும் 30 கிலோ, ஆக 70 கிலோ என்று கொள்வோம். இவ்வளவும் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரம் 2.4 மீட்டர். அப்போது பின் அச்சின்மேல் ஏறும் பாரம் 70 கிலோ அன்று, ஏறத்தாழ 99 கிலோ. முன் அச்சோ 29 கிலோ இலேசாகிவிடுகிறது. கிணற்று ஏற்றத்தில் ஒரு முனை தாழ மறுமுனை எழுவது போன்றதே இது. செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரங்களின் பிடிப்பு குறைவதற்கும், பின் வில்கள் சோர்வதற்கும் இது காரணமாகும். எண் பலகையும் விளக்குகளும் மறைந்தால் அவற்றையும் கைமேல் மாற்றியமைக்க நேரிடும்.

சட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள், செய்தவர்கள் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகையால் இவ்வகை வேலையில் இறங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக் கொள்வது நல்லது. இவையனைத்தையும் நோக்கினால், விளைபொருள் ஏற்றும் வண்டிக்கு அதைச் செய்தவர்கள் குறித்த அளவுள்ள டயரே உகந்தது என்பது தெளிவாகும். பெரிய டயரின் செலவு டயரோடு முடிவதில்லை.

சக்கரம் வேளைக்கு உதவ வேண்டுமானால்

உறுதியாக மாட்டிய ஸ்டெப்னியும் காற்றில்லாமல் இருந்தால் வெறும் பாரமே. மாதம் ஒருமுறை ஓடும் சக்கரங்களுக்குக் காற்றுப் பார்க்கும்போது இதற்கும் பார்க்க வேண்டும். வெயில் நேராகப் படுவதால் ரப்பர் வெடிக்கும். உறை போடுவது நன்று. ஆனால் மழைநீர் வடிய உறையின் அடியில் துளை இருக்கட்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்று இருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தேயாமல் பளபளப்பாகத் தோன்றும் ஸ்டெப்னி பத்து வயது கடந்த கிழமாக இருக்கலாம். ஐந்து சக்கரங்களும் ஒரே வகையாக இருந்தால், ஸ்டெப்னியையும் முறை வைத்து ஓட்டத்தில் சேர்ப்பது சிறந்த வழி. திருட்டுக்கு அஞ்சிப் பூட்டு நட்டு போட்டிருந்தால், அதன் சாவி வண்டியிலேயே இருக்க வேண்டும். அலுவலக மேஜையில் இருக்கும் சாவி மலைமேல் உதவாது.

2020ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டு, டியூப் இல்லாத டயரும், பழுது நீக்கும் பெட்டியும், காற்றழுத்தம் காட்டும் கருவியும் கொண்ட சிறு பயணி வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றாகியது. ஆணி குத்திய துளையை அப்பெட்டி அடைக்கும். பாறை முனையில் கிழிந்த டயர்ப் பக்கத்தை அதனால் அடைக்க முடியாது. மலைப்பாதையில் செல்வோர் இச்சலுகையை நம்பி ஸ்டெப்னியை விட்டுச் செல்லலாகாது.

பழைய வண்டியை வாங்கும்போது

சங்கமோ அங்கத்தினரோ ஓடிய ஜீப் ஒன்றை வாங்க எண்ணினால், இஞ்சினைப் பார்க்குமுன் பின்கதவண்டை ஐந்து நிமிஷம் நிற்கட்டும். கதவு தூக்காமல் மூடுகிறதா? திறந்த கதவின் ஓரத்தைத் தூக்கினால் ஆட்டம் உண்டா? கீல் மூலைகளில் புதிதாகப் பற்றவைத்த தடமோ, அங்கு மட்டும் புதிய பூச்சோ தெரிகிறதா? சக்கரம் ஓடும் சக்கரங்களின் அளவில்தான் உள்ளதா? அதைக் கழற்றித் தூக்கும் கருவியும் திருகுசாவியும் வண்டியில் உள்ளனவா? இந்த ஐந்து கேள்விகளின் விடை, அவ்வண்டி எத்தகைய பாதையில் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

பொது வண்டியை ஓட்டுபவர் அடிக்கடி மாறுவதால், ஒருவர் கண்ட தளர்ச்சி மற்றவருக்குத் தெரியாமற் போவது எளிது. ஆகவே சங்கத்தின் வண்டிப் பதிவேட்டில் எண்ணெய், டீசல் ஆகியவற்றுக்கு அருகே மேலும் ஒரு பத்தியைச் சேர்த்து, மாதந்தோறும் முதல் வாரத்தில் ஸ்டெப்னியின் காற்று, நட்டுகளின் இறுக்கம், கீலின் ஆட்டம், தாழின் பிடிப்பு ஆகிய நான்கையும் பார்த்தவர் கையெழுத்திட வேண்டும். இதற்கு ஆகும் நேரம் கால் மணி, செலவு ஒன்றுமில்லை.